சிறிய அனியூரிசம், கடுமையான மனச்சோர்வு: ஈ.சி.டி. கொடுத்த ஒரு நிகழ்வு ஆய்வு

மனச்சோர்வு முற்றிச் சாப்பாட்டையும் பேச்சையும் நிறுத்திவிட்ட ஒருவருக்கு ஈ.சி.டி. எனப்படும் மின்வலிப்புச் சிகிச்சை அளவுக்கு வேகமாகவும் உறுதியாகவும் உதவும் வழிகள் மனநல மருத்துவத்தில் மிகக் குறைவு. அதே நோயாளியின் மூளை ரத்தக்குழாயில் ஒரு சிறிய புடைப்பு (அனியூரிசம்) இருப்பதாக ஸ்கேன் சொன்னால் என்ன செய்வது? 'ஈ.சி.டி. வேண்டாம்' என்று கோப்பில் எழுதிவிடுவது சுலபம். அப்படி எழுதுவதால் நோயாளிக்கு ஆபத்து உண்மையிலேயே குறைகிறதா என்பதைத்தான் இந்த நிகழ்வை வைத்துப் பார்க்கப்போகிறேன்.

ஒன்றுக்கு மேற்பட்ட நோயாளிகளின் அனுபவம் இதில் சேர்ந்திருக்கிறது. வயது, தொழில், குடும்ப விவரங்கள் அடையாளம் தெரியாதபடி மாற்றப்பட்டுள்ளன.

நோயாளி

டெல்டா மாவட்டம் ஒன்றைச் சேர்ந்த 61 வயதுப் பெண். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, மகன் வீட்டில் இருந்தார். பத்தாண்டுகளாக ரத்தக் கொதிப்பு, அதற்கு அம்லோடிபின் 5 மி.கி. சர்க்கரை இல்லை, புகையிலைப் பழக்கம் இல்லை. 15 ஆண்டுகளுக்கு முன்பு ஒருமுறை கடுமையான மனச்சோர்வு வந்து, வேறொரு மருத்துவமனையில் ஈ.சி.டி. கொடுத்துத் தேறியிருக்கிறார்.

இம்முறை நோய் தொடங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. முதலில் தூக்கம் போனது. அப்புறம் பழைய கணக்கு நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கப் புரட்ட ஆரம்பித்தார். பிள்ளைகளின் அரிசியைத் தான் திருடிவிட்டதாகவும், போலீஸ் வந்துகொண்டிருப்பதாகவும் சொன்னார். வேலை பார்த்த காலம் முழுவதும் அவர் மேல் ஒரு புகார்கூட வந்ததில்லை. 'திருடின வாய்க்குச் சோறு எதுக்கு' என்று தட்டைத் தள்ளி வைத்தார். மனச்சோர்வு மருந்தான எஸ்சிடாலோபிராம் பலன் தராமல், வென்லாஃபாக்சின் 150 மி.கி., ஓலான்சபைன் 10 மி.கி. என்று மாற்றப்பட்டது. அதிலும் முன்னேற்றம் இல்லை. எங்களிடம் வருவதற்கு முந்தைய மூன்று வாரங்களில் பேச்சு முழுவதுமாக நின்றுபோனது. கையைத் தூக்கிவிட்டால் தூக்கிய இடத்திலேயே நின்றது. வாயில் ஊட்டிய கஞ்சி விழுங்கப்படாமல் ஓரமாக வழிந்தது.

அனுமதித்தபோது எடை 47 கிலோ. மகன் சொன்ன கணக்கில் முன்பு 58. ரத்த அழுத்தம் 152/94. நாக்கு வறண்டிருந்தது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.6, சோடியம் 131. கேட்டடோனியா எனப்படும் உறைநிலையை அளக்கும் புஷ்-பிரான்சிஸ் அளவுகோலில் 19 புள்ளி. நரம்பு வழியாக லோராசெபம் 2 மி.கி. கொடுத்த அரை மணி நேரத்தில் கண்ணைத் திருப்பிப் பார்த்தார், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார், 'போலீஸ்' என்று ஒரு சொல் சொன்னார். நாளொன்றுக்கு 8 மி.கி. வரை ஏற்றியும் மதிப்பெண் 12க்குக் கீழே இறங்கவில்லை. மூக்கு வழிக் குழாயில்தான் உணவு போனது.

ஈ.சி.டி. தேவை என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. பொய்யான குற்ற நம்பிக்கையோடு வரும் மனச்சோர்வில்தான் இந்தச் சிகிச்சை மிக நன்றாக வேலை செய்கிறது. 2001இல் வெளிவந்த அமெரிக்கக் கூட்டு ஆய்வு ஒன்றில், முழுச் சுற்றையும் முடித்த இத்தகைய நோயாளிகளில் 95 சதவீதம் பேர் குணநிலையை எட்டினார்கள். இந்த அம்சம் இல்லாதவர்களில் அது 83 சதவீதம்.

ஸ்கேனில் தெரிந்தது

ஈ.சி.டி.க்கு முன்னால் எல்லாருக்கும் மூளை ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை. இவருக்கு எடுத்ததற்கு இரண்டு காரணங்கள். பேச்சு நிற்பதற்கு முன்பு சில வாரங்களாகத் தலைவலி என்று சொல்லியிருக்கிறார். இரண்டாவது, நோயாளியின் அண்ணன் 'தலையில் ரத்தக்குழாய் வெடித்து' இறந்தார் என்று மகள் சொன்னார். ஆகவே எம்.ஆர்.ஐ.யோடு ரத்தக்குழாய்ப் படமும் சேர்த்து எடுத்தோம்.

இடது நடுமூளைத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு பை போன்ற புடைப்பு. சி.டி. ஆஞ்சியோகிராமில் அளவு 4.2 மி.மீ. என்று உறுதியானது. ஓரங்கள் வழவழப்பாக இருந்தன, மேலே குட்டிப் புடைப்பு எதுவும் இல்லை, பழைய ரத்தக்கசிவின் சுவடும் இல்லை. வெடிக்காத அனியூரிசம்.

அன்று மாலையே வார்டில் பேச்சு மாறிவிட்டது. காலையில் 'எப்போது ஆரம்பிக்கலாம்' என்று கேட்டவர்கள் 'இனி எப்படி முடியும்' என்று கேட்டார்கள். அந்தத் தயக்கம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஈ.சி.டி.யின்போது ரத்த அழுத்தம் எகிறும் என்பது எல்லாருக்கும் தெரியும். மெலிந்த சுவருள்ள ரத்தக்குழாய்க்கு அது ஆகாது என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்தால் முடிவு தானாக வந்துவிடுகிறது. அப்படித் தானாக வரும் முடிவைத்தான் எண்களை வைத்துச் சரிபார்க்க வேண்டியிருந்தது.

அந்த ஒரு சில நிமிடங்களில் நடப்பது என்ன

மின்தூண்டல் சில விநாடிகள்தான். அது பாய்ந்தவுடன் முதலில் வேகஸ் நரம்பு தூண்டப்படுகிறது. நாடித்துடிப்பு சரிகிறது, சிலருக்குச் சில விநாடிகள் இதயம் நின்றே போகும். வலிப்பு பிடித்ததும் நிலைமை தலைகீழாகிறது. அட்ரினலின் வகை ஹார்மோன்கள் ரத்தத்தில் கொட்டுகின்றன, நாடி ஏறுகிறது, மேல் அழுத்தம் 30 முதல் 40 சதவீதம் வரை கூடுவது சாதாரணம். மூளைக்குப் போகும் ரத்த ஓட்டமும் மண்டைக்குள் அழுத்தமும் கூடுகின்றன. வலிப்பு ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அழுத்தம் இறங்கச் சில நிமிடங்கள் ஆகும். மயக்கம் தெளியும்போது சிலருக்கு இன்னொரு ஏற்றம் வருவதுண்டு. இது பலர் கவனத்திலிருந்து நழுவும் விஷயம்.

அனியூரிசத்தின் சுவரைத் தள்ளுவது தமனிக்குள் இருக்கும் அழுத்தத்துக்கும் வெளியே மண்டைக்குள் இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். வலிப்பின்போது இரண்டுமே ஏறுவதால், கருவியில் தெரியும் பி.பி. ஏற்றம் முழுவதும் சுவரின் மேல் விழுவதில்லை என்று கொள்ள இடமிருக்கிறது. ஆனால் அதை நம்பி யாரும் மருந்தில்லாமல் தொடங்கக் கூடாது. பி.பி. ஏற்றத்தை மட்டுப்படுத்தும் மருந்துகள் கைவசம் இருக்கின்றன. வேறு பல சூழ்நிலைகளில் நமக்கு அந்த வசதி கிடையாது.

எந்தச் சூழ்நிலைகள்? நெதர்லாந்தில் அனியூரிசம் வெடித்த 250 நோயாளிகளிடம், வெடிப்பதற்குச் சற்று முன்பு என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்டு 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆபத்தைச் சற்று நேரத்துக்குக் கூட்டியவையாக அவர்கள் கண்டவை: காபி, கோலா, கோபம், திடுக்கிடுதல், மலம் கழிக்க முக்குதல், உடலுறவு, மூக்கைச் சிந்துதல், கடும் உடற்பயிற்சி. எங்கள் நோயாளியை இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். போலீஸ் வருகிறது என்று நாள் முழுக்கத் திகிலில் இருந்தார். சாப்பாடும் தண்ணீரும் இல்லாமல், ஓலான்சபைனும் சேர்ந்து, கடுமையான மலச்சிக்கல். மூக்குக் குழாயைப் பிடுங்கி எறிவார்; மறுபடி போடும்போது பி.பி. 170ஐத் தாண்டும். வென்லாஃபாக்சினே அழுத்தத்தைக் கூட்டும் மருந்து. 'ஈ.சி.டி. வேண்டாம்' என்று முடிவெடுத்தால் அந்த 4 மி.மீ. புடைப்பு இதையெல்லாம் எந்தக் காவலும் இல்லாமல் தாங்கியாக வேண்டும். மயக்க மருந்து நிபுணர் பக்கத்தில் நிற்க, மருந்தை ஏற்றிவிட்டு வரும் சில நிமிட ஏற்றம் அதைவிடப் பெரிய ஆபத்து என்று எனக்குத் தோன்றவில்லை.

அண்ணனின் கோப்பு

நரம்பியல் அறுவை நிபுணர் முதலில் கேட்ட கேள்வி அண்ணனைப் பற்றியது. அது நியாயமான கேள்வி. வெடிக்காத அனியூரிசங்களைப் பின்தொடர்ந்த பன்னாட்டு ஆய்வின் 2003 முடிவுகளில், மூளையின் முன்பகுதித் தமனிகளில் இருந்த, 7 மி.மீ.க்குக் குறைந்த, முன்பு ரத்தக்கசிவே ஏற்படாதவர்களின் அனியூரிசங்கள் ஐந்தாண்டில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. 7 முதல் 12 மி.மீ. வரை இருந்தவற்றில் 2.6 சதவீதம் வெடித்தன. பின்பகுதித் தமனிகளில் இருந்தால் அதே அளவுக்கு 14.5 சதவீதம். எங்கள் நோயாளியின் புடைப்பு முதல் வகை. ஆனால் ரத்த சொந்தத்தில் இன்னொருவருக்கும் அனியூரிசம் வெடித்திருந்தால் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. குடும்பவழி அனியூரிசங்கள் சிறியதாக இருக்கும்போதே வெடிக்கக்கூடும்.

மகனிடம் கேட்டோம். அவர் ஊருக்குப் போய் மாமா வீட்டுப் பீரோவிலிருந்து பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் சி.டி. பிலிமையும் தேடிக் கொண்டுவந்தார். இந்த நிகழ்வில் எங்களுக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள தாள் அதுதான். பல வருடம் ரத்தக் கொதிப்புக்கு மருந்தே எடுக்காதவர்; மூளையின் ஆழப்பகுதியில், பேசல் கேங்ளியாவில், ரத்தக்கசிவு. கொதிப்பால் வரும் பக்கவாதத்தின் வழக்கமான இடம் அது. அனியூரிசம் வெடித்தால் ரத்தம் பெரும்பாலும் மூளையின் மேலுறைகளுக்கு இடையில் பரவும். பிலிமைப் பார்த்த ரேடியாலஜிஸ்டும் இது அனியூரிசக் கசிவு போல இல்லை என்றார். 'தலையில் ரத்தக்குழாய் வெடித்தது' என்று குடும்பம் சொன்னது தவறில்லை. அது வேறு நோய், அவ்வளவுதான்.

அளவு, இடம், வயது, கொதிப்பு ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிடும் ஃபேசஸ் அளவுகோலில் இவருக்கு 3 புள்ளி வந்தது. ஐந்தாண்டில் வெடிக்கும் வாய்ப்பு சுமார் 0.7 சதவீதம். அந்த அளவுகோல் ஐரோப்பா, வட அமெரிக்கா, ஜப்பான் தரவுகளில் கட்டப்பட்டது. இந்தியர்கள் அதில் இல்லை. எனவே அதை ஒரு திசைகாட்டியாகத்தான் வைத்துக்கொண்டோம்.

முதலில் அனியூரிசத்தை அடைத்துவிட்டு அப்புறம் ஈ.சி.டி. கொடுக்கலாமே என்ற யோசனையும் வந்தது. பெரிய அனியூரிசமாக இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். ஆனால் மேலே சொன்ன அதே பன்னாட்டு ஆய்வில் மண்டையைத் திறந்து கிளிப் போட்டவர்களிலும் ரத்தக்குழாய் வழியாகக் கம்பிச்சுருள் (காயில்) வைத்து அடைத்தவர்களிலும் ஓராண்டுக்குள் மரணமோ ஊனமோ ஏற்பட்டது ஏறத்தாழ 10 சதவீதம். அதன் பிறகு தொழில்நுட்பம் நன்றாகவே முன்னேறியிருக்கிறது. அப்படியிருந்தும், நீர்ச்சத்து வறண்டு, எடை குறைந்து, அசையாமல் படுத்திருக்கும் ஒருவருக்கு 4 மி.மீ. புடைப்புக்காக அந்த ஆபத்தை எடுக்க அறுவை நிபுணர் விரும்பவில்லை. 'இது மூளையில இல்லாத மாதிரி நடந்துக்க வேண்டாம். ஆனா இதுக்காக அந்தம்மாவைப் பட்டினி போடவும் வேண்டாம்' என்று அவர் சொன்னது கூட்டத்தை முடித்துவைத்தது.

சம்மதம்

மகளின் பயம் எண்களால் தீரக்கூடியதாக இல்லை. 'டாக்டர், எங்க மாமா காலைல பல் தேய்ச்சுட்டிருந்தவர் அப்படியே விழுந்தாரு. அம்மாவுக்குக் கரண்ட் வெச்சு அதே மாதிரி ஆயிட்டா, நாங்கதானே கையெழுத்துப் போட்டோம்னு ஆயிடும்?' மாமாவின் பிலிமையும் அம்மாவின் படத்தையும் விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினோம். 'ஆபத்தே இல்லை' என்று சொல்லவில்லை. அனியூரிசம் வெடித்தால் உயிர் போகலாம், அதற்கான வாய்ப்பு மிகக் குறைவு என்று நாங்கள் நினைக்கிறோம், சிகிச்சை தராவிட்டால் பட்டினியாலும் காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவதாலும் உயிர் போகும் வாய்ப்பு அதைவிட அதிகம் என்று சொன்னோம். மகன் அன்றே சம்மதித்தார். மகள் ஒரு நாள் அவகாசம் கேட்டார், கொடுத்தோம்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாத ஈ.சி.டி.யைத் தடை செய்திருக்கிறது. அவசர சிகிச்சை என்ற பெயரிலும் ஈ.சி.டி. கொடுக்க அதில் இடமில்லை. எங்கள் நோயாளிக்குத் தானே முடிவெடுக்கும் திறன் அப்போது இல்லாததால், நியமனப் பிரதிநிதியாக மகன் எழுத்தில் சம்மதம் தந்தார். திறன் திரும்பியதும் நோயாளியிடமே மறுபடி கேட்போம் என்றும் எழுதி வைத்தோம்.

தயாரிப்பும் சிகிச்சையும்

வென்லாஃபாக்சினை நிறுத்தினோம். அம்லோடிபினோடு மெட்டோபுரோலால் சேர்த்தோம். நீர்ச்சத்து ஏறி, கிரியேட்டினின் 1.0க்கு வந்தது. ஐந்து நாளில் பி.பி. 120 முதல் 130க்குள் நின்றது. மலச்சிக்கலுக்கு லாக்டுலோஸ். இது சின்ன விஷயம் போலத் தெரியும். இந்த நோயாளிக்கு அப்படியில்லை.

வழக்கமான ஈ.சி.டி. அறையை விட்டு அறுவை அரங்குக்கு மாற்றினோம். முதல் மூன்று முறையும் மணிக்கட்டுத் தமனியில் குழாய் போட்டு, துடிப்புக்குத் துடிப்பு அழுத்தத்தைப் பார்த்தோம். மேல் அழுத்தம் 150ஐத் தாண்டக் கூடாது, 100க்குக் கீழேயும் போகக் கூடாது என்று எல்லை வைத்துக்கொண்டோம். கீழ் எல்லையை யாரும் மறந்துவிடக் கூடாது. அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கினால் மூளைக்கு ரத்தம் போதாமல் போகும்.

மயக்க மருந்து டாக்டர் மிகவும் நிதானமானவர். அழுத்தத்தையும் நாடியையும் அடக்கும் பீட்டா தடுப்பு மருந்துகள் இரண்டு: தூண்டலுக்கு ஐந்து நிமிடம் முன்பு லேபெட்டலால் 10 மி.கி., ஒரு நிமிடம் முன்பு எஸ்மோலால் 40 மி.கி. கொடுத்தார். எஸ்மோலால் உடனே வேலை செய்து, சில நிமிடங்களில் போய்விடும். அதன் அரை ஆயுள் சுமார் 9 நிமிடம். லேபெட்டலால் மணிக்கணக்கில் நிற்கும். எஸ்மோலால் உச்சத்தை மழுக்க, லேபெட்டலால் தெளியும் நேரத்தைக் காக்க. மயக்கத்துக்குத் தயோபென்டோன் 150 மி.கி., தசைத் தளர்வுக்குச் சக்சினைல்கோலின் 35 மி.கி. கீட்டமைன் அழுத்தத்தைக் கூட்டும் என்பதால் அதை ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிட்டார். எடோமிடேட் இந்த ஏற்றத்தைத் தடுக்காது என்பதால் அதுவும் வேண்டாம் என்றார்.

மின்னளவைத் தீர்மானிப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பொதுவாக, சிறிய அளவில் தொடங்கி வலிப்பு வரும்வரை படிப்படியாகக் கூட்டி வாசல் அளவைக் கண்டுபிடிப்போம். இவருக்கு அப்படிச் செய்யவில்லை. பீட்டா தடுப்பு மருந்து ஏற்றியிருக்கும்போது வலிப்பு வராமல் போகும் தூண்டல்தான் அதிக ஆபத்து: வேகஸ் மட்டும் தூண்டப்பட்டு நாடி சரியும், அதை மீட்க வலிப்பின் அட்ரினலின் வராது. அதனால் இருபக்க மின்முனை வைத்து, வயதில் பாதி என்ற கணக்கில், கருவியின் அதிகபட்ச ஆற்றலில் 30 சதவீதம் என்று நேராகவே தொடங்கினோம். நாடி சரிந்தால் மீட்கும் அட்ரோபினை முன்கூட்டியே கொடுத்தால் நாடி எகிறும். ஊசியில் ஏற்றித் தயாராக வைத்திருந்தோம், தேவைப்படவில்லை. வலிப்பைத் தடுக்கும் என்பதால் லோராசெபத்தை முந்தைய இரவோடு நிறுத்தினோம்.

முதல் முறை: மூளை மின்வரைவில் வலிப்பு 38 விநாடி. தொடங்கும்போது 126/74 ஆக இருந்த அழுத்தம் உச்சமாக 148/86க்குப் போய், நான்கு நிமிடத்தில் பழைய இடத்துக்கு வந்தது. கண்மணி, கைகால் அசைவு, விழிப்பு நிலையை இரண்டு மணி நேரம் கால்மணிக்கு ஒருமுறை பார்த்தோம். எதுவும் மாறவில்லை. இரண்டாவது முறையும் ஏறத்தாழ அதே போல. அன்று மாலை மகள் ஊட்டிய இட்லியை மென்று விழுங்கினார்.

மூன்றாவது முறைதான் எல்லாரும் பதறினோம். வலிப்பின்போது அழுத்தம் 140ஐக்கூடத் தாண்டவில்லை. ஆனால் மயக்கம் தெளியும்போது திமிறி எழுந்தார், அழுத்தம் 168/96க்குப் போனது. மிடசோலம் 1 மி.கி.யும் லேபெட்டலால் 5 மி.கி.யும் கொடுத்ததும் இறங்கியது. ஒரு மணி நேரம் கழித்துத் தலையைப் பிடித்துக்கொண்டு 'தலை வலிக்குது' என்றார். மூன்று வாரத்துக்கும் மேலாகப் பேசாதவர் வாயிலிருந்து வந்த முழு வாக்கியம். ஆனால் எங்களால் அதற்குச் சந்தோஷப்பட முடியவில்லை. ஈ.சி.டி.க்குப் பிறகு தலைவலி மிகச் சாதாரணம். இவருக்கு அதைச் சாதாரணம் என்று விட முடியாது. உடனே சி.டி. எடுத்தோம். தலைவலி தொடங்கிய 6 மணி நேரத்துக்குள் எடுக்கும் சி.டி.யில் அனியூரிசக் கசிவு கண்ணில் படாமல் போவது மிக அரிது. படம் சுத்தமாக இருந்தது. பாராசிட்டமாலில் வலி போய்விட்டது. அடுத்த முறை முதல், தெளியும் நேரத்துக்கு முன்பே லேபெட்டலாலின் இரண்டாவது சிறு அளவைக் கொடுத்து, விளக்கைக் குறைத்து, மகளைப் பக்கத்தில் உட்கார வைத்தோம். அந்த ஏற்றம் மறுபடி வரவில்லை.

நான்காவது முறைக்குப் பிறகு பேச்சு தெளிவாக வந்தது. அனியூரிசம் இருப்பதைப் படத்தைக் காட்டி அவரிடமே சொன்னோம், தொடரலாமா என்று கேட்டோம். சற்று யோசித்துவிட்டு, 'போன தடவை என்னை எழுப்பிவிட்டதும் இதுதானே. செய்ங்க டாக்டர். பொண்ணுகிட்ட மட்டும் நல்லா சொல்லிடுங்க, அவ பயந்தவ' என்றார். மீதிச் சம்மதம் அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. மொத்தம் எட்டு முறை. ஹாமில்டன் மனச்சோர்வு அளவுகோலில் 34லிருந்து 7க்கு வந்தார். அரிசித் திருட்டு பற்றிக் கேட்டபோது, 'அப்படியெல்லாம் ஏன் நெனச்சேன்னே தெரியல' என்றார். வார்டில் இருந்த முதல் இரண்டு வாரங்கள் அவருக்கு நினைவில் இல்லை; மற்றபடி நினைவாற்றல் சோதனை ஒரு மாதத்தில் வயதுக்குரிய அளவுக்குத் திரும்பியது.

மற்ற ரத்தக்குழாய்க் கோளாறுகள்

இந்த நோயாளிக்குச் சரியாக வந்தது என்பதால் எல்லாருக்கும் சரியாக வரும் என்று சொல்லவில்லை. வெடிக்காத அனியூரிசத்தோடு ஈ.சி.டி. பெற்றவர்களைப் பற்றிய கட்டுரைகள் 1980கள் முதல் தனித்தனி நிகழ்வுகளாக வந்துகொண்டிருக்கின்றன. பெரும்பாலும் நல்லபடி முடிந்தவை. நல்லபடி முடிந்ததைத்தான் மனிதர்கள் எழுதுவார்கள் என்பதை மறக்கக் கூடாது. ஈ.சி.டி.க்குப் பிறகு மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்ட அரிதான நிகழ்வும் பதிவாகியிருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2001 அறிக்கை ஈ.சி.டி.க்கு முழுத்தடை என்று எந்த நோயையும் சொல்லவில்லை. அழுத்தம் ஏறினால் வெடிக்கக்கூடிய அனியூரிசத்தையும் ரத்தக்குழாய்ப் பின்னலையும் கூடுதல் ஆபத்துள்ள நிலைகளில் சேர்த்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் பெரியது. எத்தனையோ கோப்புகளில் 'கூடுதல் ஆபத்து' என்பது 'கூடாது' என்று படிக்கப்பட்டுவிடுகிறது.

ரத்தக்குழாய்க் கோளாறு என்ற ஒரே தலைப்பின் கீழ் வருபவை ஒன்றோடொன்று ஒட்டாதவை. எம்.ஆர்.ஐ.யில் அடிக்கடி தற்செயலாகக் கண்ணில் படும் சிரை அமைப்பு மாறுபாடு, குறைந்த அழுத்தத்தில் ஓடும், இயல்பான மூளைத் திசுவின் ரத்தத்தை வடிக்கும் சிரைதான். அது தனியாக இருந்தால் அதற்காக ஈ.சி.டி.யைத் தள்ளிப்போட எனக்குக் காரணம் தெரியவில்லை. மெல்லிய சுவருள்ள குழாய்களின் கொத்தான கேவர்னோமாவிலும் அழுத்தம் குறைவு. ஆனால் அது அண்மையில் கசிந்ததா, வலிப்பை உண்டாக்கியதா, மூளைத்தண்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏ.வி.எம். எனப்படும் தமனி-சிரைப் பின்னல் வேறு ரகம். தமனியின் முழு அழுத்தமும் தந்துகிகள் இல்லாமல் நேராகச் சிரைக்குள் பாய்கிறது. சிகிச்சை பெறாத ஏ.வி.எம்.மில் கசியும் வாய்ப்பு ஆண்டுக்கு 2 முதல் 4 சதவீதம், முன்பே கசிந்திருந்தால் இன்னும் அதிகம். அதற்குள்ளேயே அனியூரிசம் இருந்தாலோ, சிரை ஆழத்தில் வடிந்தாலோ நான் மிகவும் தயங்குவேன்.

மூளைத் தமனிகள் படிப்படியாகக் குறுகும் நோயான மோயமோயாவில் கணக்கே மாறிவிடுகிறது. அங்கே அழுத்தம் ஏறுவதோடு இறங்குவதும் எதிரி. வலிப்பை நீட்டிக்க வழக்கமாக நோயாளியை வேகமாகச் சுவாசிக்க வைப்போம். அதனால் கரியமில வாயு குறைந்து, ஏற்கெனவே குறுகிய குழாய்கள் இன்னும் சுருங்கும். எங்கள் நோயாளிக்குக் கைகொடுத்த மருந்து அளவுகளை அங்கே அப்படியே போட்டால் பக்கவாதம் வரலாம். மண்டையைத் திறந்து கிளிப் போட்டவர்களுக்கு, எலும்பு நீக்கிய இடத்தின் மேல் மின்முனையை வைக்கக் கூடாது. அங்கே மின்சாரம் குவியும்.

பின்தொடர்தல்

ஈ.சி.டி. முடிந்ததும் தொடர் மருந்து இல்லாவிட்டால் நோய் திரும்புவது மிக வேகம். 2001இல் வெளியான ஆய்வு ஒன்றில், போலி மாத்திரை எடுத்தவர்களில் 84 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள் திரும்பியது. நார்ட்ரிப்டிலினும் லித்தியமும் சேர்த்து எடுத்தவர்களில் 39 சதவீதம். நார்ட்ரிப்டிலின் மலச்சிக்கலைக் கொண்டுவரும் என்பதால் இவருக்குச் செர்ட்ரலினும் குறைந்த அளவு லித்தியமும் கொடுத்தோம். சோடியத்தையும் சிறுநீரகத்தையும் முதல் மாதம் வாரம் ஒருமுறை பார்த்தோம். வீட்டில் பி.பி. கருவி வாங்கி வைத்து மகள் நோட்டில் எழுதுகிறார். ஆறு மாதம் கழித்து எடுத்த ஆஞ்சியோகிராமில் அனியூரிசம் அதே 4.2 மி.மீ. அடுத்தது ஓராண்டில்.

15 ஆண்டுகளுக்கு முந்தைய ஈ.சி.டி. குறிப்புகள் எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அப்போது இந்த அனியூரிசம் இருந்ததா என்று தெரியாததால், அந்தச் சுற்று நல்லபடி முடிந்ததை வைத்து எதையும் கணிக்கவும் முடியவில்லை. இம்முறை எட்டு அமர்வுகளின் மருந்து அளவு, மின்னளவு, வலிப்பு நேரம், நிமிட வாரியான பி.பி., தெளியும்போது வந்த ஏற்றம், அதற்குச் செய்த மாற்றம் எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தில் எழுதி, ஆஞ்சியோகிராம் படத்தோடு சேர்த்து மகன், மகள் இருவரிடமும் ஒவ்வொரு பிரதி கொடுத்திருக்கிறோம். நோய் திரும்பினால் எந்த ஊர் மருத்துவமனைக்குப் போனாலும் அதைக் காட்டச் சொல்லியிருக்கிறோம்.